ஐந்து மணிக்குள் வராதவர்

"சார், எவனாவது அந்தச் சீட்டோட அஞ்சு மணிக்குள்ள வந்தாம்னா, நான் ஷேரைக் கொடுத்துத்தான் ஆகணுமா?"

ஆடிட்டர் ஆபீஸ் வாசலைப் பார்த்தபடியே கேட்டார் வேதமணி வாத்தியார். பக்கத்தில் அவர் மனைவி மெட்டில்டா, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வேற வழி? ஆறு மாசத்துக்குள்ள எப்போ இங்கே வந்து கேட்டாலும் ஒரு ஷேர் இருபது ரூபாய்க்குத் தரேன்னு, முந்நூறு ரூபாய் வாங்கிண்டு எழுதிக் கொடுத்திருக்கீர். இன்னிக்குக் கடைசி நாள்" என்றார் ஆடிட்டர் சுதர்சனம்.

"விலை ஏறாதுன்னு நினைச்சேன். சும்மா கிடக்க ஷேருக்கு முந்நூறு வருதேன்னு..."

"இப்போ விலை முப்பத்திரண்டு ரூபாய் ஓய். நீர் எழுபதாம் வருஷம் ஜூலையில வாங்கினது. அஞ்சு வருஷம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. இன்னிக்கு வித்தா லாபம் உம்ம சம்பளத்தோட சேர்ந்து வரி. பன்னிரண்டு நாள் கழிச்சுன்னா, இந்த லாபத்துக்கு வரியே வராது."

வாத்தியாரின் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவள் படிப்புக்கென்று அவரிடம் இருந்தது அந்த நூறு ஷேர்தான்.

"ஆள் வரலேன்னா, அந்த முந்நூறுக்கு வரி உண்டா சார்?"

"இப்போ கிடையாது. பின்னாடி விக்கும்போது, வாங்கின விலையில கழிச்சுப் பார்ப்பா."

"கொடுத்தவங்களுக்கு?" என்றாள் மெட்டில்டா. "அவங்க வரியில ஏதும் குறைப்பாங்களா சார்?"

"ஒண்ணும் குறைக்க மாட்டா. போனது போனதுதான்."

"ஏளா, அவன் கவலை உனக்கு என்னத்துக்கு?" என்றார் வேதமணி.

படியில் செருப்புச் சத்தம். வாத்தியார் எழுந்தே விட்டார். தபால்காரர், ஒரு கார்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"யாரு வாங்கினதுன்னு தரகர் சொல்லலையா?" என்றார் ஆடிட்டர்.

"நல்லக்கண்ணு அண்ணாச்சியா? வாயைத் திறக்க மாட்டேங்காரு. சீட்டு யார் கையில இருக்கோ அவன்தான் ஆளுங்காரு."

மில் சங்கு ஊதியது. ஐந்து மணி. வேதமணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தெருவில் இறங்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "முந்நூறையும் கொடுத்துட்டு, ஆயிரத்து இருநூறு லாபத்தையும் விட்டுட்டான் பாரு. அந்த மடையன் மூஞ்சியை ஒரு தடவை பாக்கணும்ளா."

மெட்டில்டா கைப்பையைத் திறந்து, தரகர் கையெழுத்துப் போட்ட சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பாத்துக்கிடுங்க. வேற எவனும் வாங்கிட்டா பிள்ளை படிப்பு என்னாகும்னுதான், என் வளையலை வித்து நானே வாங்கினேன்."