ஆறு வடியும்வரை

ஆற்றில் வெள்ளம். கடவில் தோணி ஓடவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியோ அக்கரையில்.

பூங்கனியின் மருந்துக்குப்பி காலியாகிவிட்டது. மகன் ஏசுவடியான் செத்ததிலிருந்து, அங்குள்ள வெள்ளைக்காரத் துரை டாக்டர் தரும் அந்த மருந்து உள்ளே போனால்தான் அவள் உறங்குவாள், காலையில் அடுப்புப் பற்றவைப்பாள். இல்லையென்றால் சுவரைப் பார்த்தபடியே இருப்பாள்.

"நான் நீந்திப் போய் வாங்கிட்டு வாறேன்" என்றார் கணவர் சத்தியநேசன்.

"குப்பியில இன்னும் கொஞ்சம் கெடக்கும். நல்லா பாருங்க."

அடுக்களைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. சட்டென்று ஒன்று தோன்றியது. கசப்புக்கு நிலவேம்பும் நிறத்துக்குக் கருப்பட்டியும் கலக்கிக் குப்பியில் ஊற்றினார்.

"ஆமாட்டி, கெடக்கு. இதுல உறக்கம் வரலேன்னா, விடிஞ்சதும் நான் ஆத்துல எறங்குவேன்."

குடித்துவிட்டுப் படுத்தவள் உடனே உறங்கிப்போனாள். விடிந்ததும் கஞ்சி வைத்தாள். வெள்ளம் வடியும்வரை தினமும் அப்படித்தான். சத்தியநேசன் முழங்காலிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

தோணி ஓடத் தொடங்கிய அன்று அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏட்டி, ஒனக்கு இனி மருந்தே வேண்டாம். நீ இத்தனை நாளும் குடிச்சது கருப்பட்டித் தண்ணி."

"நான் காய்ச்சுன கருப்பட்டி மணம் எனக்குத் தெரியாதா?" வெறும் குப்பியை அவரிடம் நீட்டினாள். "இண்ணைக்கு நல்ல மருந்து வாங்கிட்டு வாங்க. இனி என்னால முடியாது."

"நல்லா உறங்குனியே?"

"கண்ண மூடிக் கெடந்தேன். இல்லேன்னா நீங்க ஆத்துல எறங்கியிருப்பிய. எனக்குக் காய்ச்சல் மருந்து வாங்கத்தானே அவனும் நீந்திப் போனான்."