நாங்க எல்லாருமே கேஷுவல்தான்

"நான் கேஷுவல்தான் பாஸ். பரவாயில்லையா?"

ஹெட்போனில் வந்த குரலில் அத்தனை தயக்கம். ரோவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, நாங்க எல்லாருமே கேஷுவல்தாம்ப்பா. அதைத்தானே விளம்பரத்துல போட்டிருக்கோம்!"

"படிச்சேன் பாஸ். 'கேஷுவல்களுக்கு இங்கே நிரந்தர இடம்'னு இருந்துச்சு. நிஜமாவே நிரந்தரமா?"

"நிஜமாவே நிரந்தரம்."

"ரெண்டு மூணு விளையாட்டு பார்த்தேன் பாஸ். ஒண்ணுல மாசாமாசம் காசு கட்டணுமாம். இன்னொண்ணுல தன்னந்தனியா சுத்தணும். உங்க விளம்பரத்தைப் பார்த்ததும் இதுதான்னு முடிவு பண்ணிட்டேன்."

பெயர் செமிசியாம். தோங்கா தீவுக்காரன், இப்போது குவீன்ஸ்லாந்தில் ஜாகை. அவன் பின்னால் ஒரு குடும்பமே சேர்ந்து தேவாலயப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

ரோவீனா லான்செஸ்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் இணையத்தில் ஆடும் இந்த விளையாட்டில் ஒரு சின்னக் குழுவுக்குத் தலைவி. ராப்பகலாக இதிலேயே கிடக்கிற வெறியர்கள் உண்டு. ரோவீனாவின் ஆட்கள் அப்படியில்லை. வேலை முடிந்து, துணி துவைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, நேரம் கிடைத்தால் எட்டிப் பார்க்கிறவர்கள். விளையாட்டு உலகத்தில் அவர்களுக்குப் பெயர் கேஷுவல்.

சேர்ந்த அன்றே செமிசியைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். திரையில் பொழுது விடிந்துகொண்டிருந்தது. திமிங்கலங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை விட்டு எழுந்து, அப்படியே வானத்துக்கு நீந்திப் போயின. செமிசி அசையவே இல்லை.

"என்னாச்சு, நெட் போயிடுச்சா?"

"இல்ல பாஸ், பார்த்துட்டு இருக்கேன். எங்க ஊர்க் கடல்ல திமிங்கலம் பார்த்திருக்கேன். பறந்து பார்த்ததில்ல. கேஷுவலுக்கும் இதெல்லாம் காட்டுவாங்களா?"

இந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்து அலுத்துப்போன ரோவீனாவுக்கே அன்று உடம்பு சிலிர்த்தது. அடேயப்பா, இவ்வளவு அழகா இது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆனால் அதைவிடப் பெரிய ஆச்சரியம் செமிசிதான். தினமும் காலையில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்துவிடும். 'இன்னைக்கு ஆள் தேவையா பாஸ்?' தேவை என்றால் போதும், அடுத்த நிமிஷம் வந்து நிற்பான். குழுவுக்கு வைத்தியராக இருக்க யாருக்கும் பிடிக்காது. சண்டை போடுகிறவன் பெயர் வாங்குவான், காயத்துக்கு மருந்து போடுகிறவனை யார் கண்டுகொள்கிறார்கள்? செமிசி அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"அவனா கேஷுவல்?" என்றான் கிளென். நியூசிலாந்தில் இன்வர்காகிலில் இருந்து ஆடுகிறவன், வாய் சும்மா இருக்காது. "அவன் கேஷுவல்னா நாமெல்லாம் யாரு, பொணமா?"

"உன்னைப் பத்தித் தெரியும், உங்க ஊர் ஆடுகூட உன்னைவிடச் சுறுசுறுப்பு" என்றாள் ரோவீனா.

சனிக்கிழமை மதியம் கடல் பூதத்தோடு சண்டை. ஒரு வருஷமாக அதனிடம் அடி வாங்கியே எல்லாருக்கும் வெறுத்துவிட்டது. இந்தத் தடவையும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடுவதென்று பேசி முடித்திருந்தார்கள். கட்டிக்காத்த கூட்டம் போய்விடுமே என்று ரோவீனாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

செமிசி வந்தான். வரும்போதே இருமல்.

"காய்ச்சலா? போய்ப் படுப்பா!"

"ஒண்ணுமில்ல பாஸ். வர்றேன்னு சொல்லிட்டேன்ல?"

அவன் அன்று ஆடியதைச் சொல்லி மாளாது. பூதம் ஒருவனை அடித்து வீழ்த்துமுன்பே இவன் மருந்தோடு அங்கே இருந்தான். கிளென் இரண்டு முறை செத்தான், இரண்டு முறையும் எழுப்பிவிட்டான். கடைசியில் பூதம் மலை சரிந்தாற்போல் கடலில் விழுந்தது. திமிங்கலங்கள் கூட்டமாகத் தலைக்கு மேலே பறந்தன. ஹெட்போனில் ஒரே கூச்சல். கிளென் அழுதேவிட்டான், கேட்டால் ஜலதோஷம் என்றான்.

எல்லாரும் விடைபெற்றுப் போனபின் செமிசி மட்டும் நின்றான். இருமல் நின்றபாடில்லை. ரோவீனாவுக்கு அவன்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

"மனுஷனாப்பா நீ! உன்னை மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததே இல்ல. போதும், இனிமே உடம்பைப் பாரு. அடுத்த வாரம் நீ வர வேண்டாம்."

திரையில் செமிசியின் வைத்தியர் மெல்ல நடந்து, குழுவின் பொதுப் பெட்டியைத் திறந்தார். குழு கொடுத்த பச்சை அங்கியைக் கழற்றி, உள்ளே வைத்தார். கைத்தடியையும் வைத்தார்.

"ஏய், என்ன பண்றே?"

"நல்ல இடம் பாஸ். எல்லார்கிட்டயும் நான் போயிட்டு வர்றேன்னு சொல்லிடுங்க." என்றான் செமிசி. "தக்காளி பேக்கிங், கறி வெட்டுற ஃபாக்டரின்னு எத்தனையோ இடத்துல கேஷுவலா, கூப்பிட்டா மட்டும் வேலைன்னு இருந்தவன் நான். 'அடுத்த வாரம் வர வேண்டாம்'னு சூப்பர்வைசர் சொன்னா, சட்டையைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பணும், அப்புறம் கூப்பிடவே மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?"