கூடம் வேறு மாநிலம்

அவள் நிலைப்படியில் நின்றாள். ஒரு கால் கூடத்தில், ஒரு கால் அடுப்படியில்.

கூடம் ஒரு மாநிலம். அடுப்படி வேறு மாநிலம்.

எல்லையோரத்து ஊர்களில் இப்படிச் சில வீடுகள் உண்டு. வாசலுக்கு வீட்டுவரி அங்கே, கொல்லைக்குக் கரண்டு இங்கே. முதல் தடவை கேட்டபோது அவளும் சிரித்தாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. அஞ்சலையின் உதடு கிழிந்து வீங்கியிருந்தது.

அஞ்சலை அவளுடைய கட்சிக்காரி. பெண்டாட்டி மேல் கை வைக்கக் கூடாது என்று புருஷனுக்கு எதிராக அடுப்படிப் பக்கத்துக் கோர்ட்டில் உத்தரவு வாங்கிக் கொடுத்த வக்கீல் அவள்தான். அலையாய் அலைந்து வாங்கியது. அன்றைக்கு மாதர் சங்கத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். மீறினால் அவன் உள்ளே போக வேண்டியதுதான் என்று அடித்துச் சொன்னாள்.

நேற்று மீறினான்.

இரண்டு பக்கத்திலிருந்தும் ஏட்டுகள் வந்திருந்தார்கள். அடுப்படிப் பக்கத்து ஏட்டு தெளிவாக இருந்தார்.

"அடி விழுந்தது கூடத்துல, மேடம். அது அவங்க எல்லை."

கூடத்து ஏட்டு அதைவிடத் தெளிவு. சிவப்புத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, உத்தரவு போட்டது எங்கள் கோர்ட் இல்லையே என்றார்.

இது இந்தியா முழுக்கச் செல்லும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. புத்தகத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினாள். இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இந்தியாவில் இந்தக் கூடமும் சேர்த்தியா என்று மேலிடம்தான் சொல்ல வேண்டும் போல.

புருஷன் கூடத்தில் நாற்காலி போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

ஏட்டுகள் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள்.

அவள் அடுப்படிக்குள் வந்து, நடந்ததை அஞ்சலையிடம் மறுபடி கேட்டாள்.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததாம். முடியைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப் போனானாம். அங்கே வைத்துத்தான் அடித்தானாம்.

எப்போதும் அப்படித்தானா?

"உத்தரவு வந்ததுலேர்ந்து அப்படித்தாங்க்கா. இங்க வச்சி அடிக்கறதே இல்ல."

ஐந்து வருஷம் சட்டம் படித்தவள் அவள். அதைக் கரைத்துக் குடித்தவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அடுத்த தடவ இழுத்தா போகாத, அஞ்சலை. அடி விழுந்தா இங்கயே விழணும். அப்பதான் கேசு நிக்கும்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இல்லை, நான் சொல்ல வந்தது என்று ஆரம்பித்தாள்.

அஞ்சலை அதற்குள் தலையாட்டிவிட்டாள். அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். சிலிண்டரை அசைத்தாள். அது சாய்ந்தது.

ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பற்றினாள். உடம்பு முழுக்கப் பின்னால் சாய்த்து இழுத்தாள்.

கம்பி அசையவில்லை.

"இது தாங்கும்க்கா" என்றாள்.