மலைக்கு முதுகு

மொட்டை மாடியில் ஸ்பேனரோடு நின்ற கோபி கீழே எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"கழட்டிடட்டாக்கா?"

"மாமா குளிச்சிட்டு வரட்டும். அவர் வாயால சொல்லட்டும்" என்றாள் அருணாதேவி. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணப் பிள்ளையாரை வைத்து, அதன் தலையில் பூசணிப் பூவைச் செருகினாள்.

பூ, மாமனார் சக்கரவர்த்தி கொண்டுவருவது. தினமும் விடியலில் வாசற்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். எந்த வேலியில் கை வைக்கிறாரோ, அவள் கேட்டதில்லை. தெருவில் பாதி வேலி சொந்தக்காரர்களுடையதுதான்.

கழற்ற வேண்டியது சோலார் வாட்டர் ஹீட்டரை. கார்த்திகை தீபம் முடிந்த வாரம் இதே கோபிதான் மாட்டினான்.

அவளுக்குப் புகை ஆகாது. ஐந்து பேருக்கு விறகடுப்பில் வெந்நீர் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் இழுப்பு வந்துவிடும். டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் கணவன் ராஜமாணிக்கம் அசைந்து கொடுத்தான்.

கண்ணாடிப் பலகை மாடிக்கு ஏறிய அன்று தெருவே வந்து பார்த்தது. மாமனாரும் பார்த்தார். வீடு செங்கம் ரோட்டில், மலைக்குத் தெற்கே. பலகையோ தெற்கே பார்த்தால்தான் தண்ணீர் காயும்.

"மலைக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது. இதுல காஞ்ச தண்ணி என் மேல படக்கூடாது" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மலையே சாமி என்று மலைப் பக்கம் கால் நீட்டிக்கூடப் படுக்காத மனிதர். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியும் பழக்கமில்லை. ஆக, அவர் ஒருவருக்காக விறகடுப்பு எரிந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

அருணாதேவி அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. மறுநாளே சோலார் குழாயில் வெந்நீர் பிடித்து, அவர் குளிக்கிற அண்டாவில் ஊற்றினாள். அண்டாவுக்கு அடியில் ஒரே ஒரு தேங்காய் மட்டையைக் கொளுத்தினாள். பேருக்குக் கொஞ்சம் புகை எழுந்ததும் எட்டிப் போய் நின்றுகொண்டாள்.

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. முதல் சொம்பை ஊற்றிக்கொண்டதுமே உள்ளிருந்து குரல் வரும். "என்ன இருந்தாலும் விறகுல காஞ்ச தண்ணி சுகமே தனிம்மா." நாள் தவறாமல், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பாள்.

ராஜமாணிக்கத்துக்கு இந்த நாடகம் தெரியாது. அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்து, பலகையைத் திருப்பி வைக்க முடியுமா என்று கோபிக்குப் போன் போட்டான். வடக்கே திருப்பினால் சும்மா அழகுக்குத்தான் நிற்கும், வேண்டாமென்றால் கீழ்பென்னாத்தூரில் ஒருவர் எடுத்துக்கொள்வார் என்றான் கோபி. இன்று கோபி கழற்ற வருகிறான் என்று தெரிந்ததும், வேங்கிக்கால் ஆபீஸில் அவசர வேலை என்று இருட்டோடு நழுவிவிட்டான் புருஷன்.

போகட்டும். அவள் கையில் ஆயுதம் இருந்தது.

'இத்தனை நாளா நீங்க குளிச்சதே அந்தத் தண்ணியிலதான் மாமா.' இது போதும். அவர் தெருவறியச் சொன்னார், இவளும் தெருவறியச் சொல்லிவிடுவாள். அவர் முகம் சுண்டிப்போகும். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் மூச்சு முட்டிக் கிடக்கப் போவது அவள்தானே.

சக்கரவர்த்தி ஈரத் துண்டோடு வந்தார். நெற்றி நிறைய திருநீறு. மலையைக் கும்பிட்டுவிட்டு மாடியை நிமிர்ந்து பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கோலத்தை விட்டுத் தலையைத் தூக்கினார்கள்.

அருணாதேவி வாயைத் திறந்தாள்.

"தம்பி" என்று அவர் முந்திக்கொண்டார். "கோயில் வாசல்ல துவாரபாலகர் எப்படி நிக்கிறாரு? சாமிக்கு முதுகைக் காட்டிட்டுத்தானே நிக்கிறாரு? காவலுக்கு நிக்கிறவரு வேற எப்படிப்பா நிப்பாரு. அது பாட்டுக்கு இருக்கட்டும், வுடு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தெரு தலையாட்டியது.

அருணாதேவிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆயுதத்தை வெளியே எடுக்காமலே ஜெயித்தாயிற்று. பாவம் மனுஷன், அண்டாத் தண்ணீர் ரகசியம் அவருக்குக் கடைசிவரை தெரியவே வேண்டாம் என்று பெரிய மனசு பண்ணினாள்.

"அக்கா, ஸ்டாண்டு ஒரு பக்கம் லேசா ஆடுது. விறகுக்கட்டை ஒண்ணு குடுங்க, முட்டுக் குடுத்துடறேன்" என்றான் கோபி.

விறகு அடுக்கு இருப்பது கொல்லையில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால். சோலார் வந்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. தேங்காய் மட்டை அடுப்படியிலேயே கிடந்தது.

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனவள் நின்றுவிட்டாள்.

அடுக்கையே காணோம். பூசணிக் கொடி மேலே ஏறி, ஒரு கட்டை விடாமல் பின்னி மூடியிருந்தது. இந்த ஒரு மாதத்தில் அதிலிருந்து யாரும் எதையும் உருவவில்லை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இலைகளுக்கு நடுவே நாளைக்கு மலரப் போகிற மொட்டுகள். அங்கங்கே நகத்தால் கிள்ளிய காம்புகள். பழையவை காய்ந்து சுருங்கியிருந்தன. ஒன்றில் மட்டும் இன்னும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

தினமும் விடியலில், குளிப்பதற்கு முன்னால், அவர் கை வைத்த வேலி இதுதான்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொடியில் கை வைக்கவில்லை.

"கட்டை கெடைச்சுதாக்கா?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"விறகெல்லாம் எரிச்சுத் தீந்துபோச்சுப்பா. செங்கல் தரேன்" என்றாள் அருணாதேவி, வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக.