ஹலால் படையல்

நெற்றி நிறையத் திருநீற்றோடு உஸ்பெக் உணவகத்துக்குள் நுழைந்த சிவபாதம், ஆட்டிறைச்சிப் புலாவ் ஹலால்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டதில், முதலாளி சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"இஞ்சரப்பா, நெத்தியிலை திருநீறு, வாயிலை ஹலாலோ? சனம் சிரிக்குது," என்றாள் மனைவி ரதி.

"சிரிக்கட்டும். பிழையெண்டால் பெடியன் தொடமாட்டான்."

பார்சலை மல்வேர்னிலுள்ள தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாழையிலையில் பரிமாறி, மகன் மிதுனனின் மாலை போட்ட படத்துக்கு முன்னால் படைத்தார். அன்று அவனுடைய முதலாம் ஆண்டுத் திவசம்.

முஸ்லிம் பெண்ணைக் கட்டி மதம் மாறினான் என்று, சாகும்வரை அவனை வாசற்படி மிதிக்கவிடாதவர் சிவபாதம்.

"உயிரோடை இருக்கேக்கை ஒருக்கால் சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாமெல்லே?" என்றாள் ரதி.

"சாப்பிடு ராசா," என்று படத்தைப் பார்த்துச் சொன்ன சிவபாதம், ஆறிப்போன புலாவை மறுபடி சூடாக்க எழுந்தார்.