வீடு திரும்பிய லேப்டாப்

மூன்று வருடம் காடு காடாகச் சுற்றிவிட்டு, மலர்க்கொடியின் லேப்டாப் ஒரு பிற்பகலில் வீடு வந்து சேர்ந்தது. அவள் பதிவு செய்த பறவைக் குரல்கள் எல்லாம் அதனுள்தான் இருந்தன. அதன் ஹார்ட் டிஸ்க் இன்றோ நாளையோ நின்றுவிடும் நிலையில் இருந்தது.

மாடி அறையிலிருந்த பெரிய கம்ப்யூட்டர் கூப்பிட்டது. "வந்துவிட்டாயா? குரல்களை இங்கே அனுப்பு. என்னிடம் இடம் நிறைய இருக்கிறது."

லேப்டாப் பதில் சொல்லவில்லை. மலர்க்கொடி வயரைப் பிடுங்கிச் செருகினாள், ரௌட்டரை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். அப்போதும் அது வாய் திறக்கவில்லை.

கூடத்திலிருந்த ரௌட்டர் மெல்லக் கேட்டது. "ஏன் ஒளிந்துகொள்கிறாய்?"

"ரயில் நிலைய வைஃபையிலும் விடுதி வைஃபையிலும் யார் யாரோ கூப்பிட்டார்கள். யாருக்கும் பதில் சொல்லாததால்தான் தப்பித்தேன்."

"அங்கே நீ செய்தது சரிதான். இது நம் வீடு."

"வீட்டில் இருக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது" என்றது லேப்டாப்.

மாடியிலிருந்து மறுபடி குரல் வந்தது. "எல்லாவற்றையும் திறக்க வேண்டாம். குரல்கள் இருக்கும் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் திற. நான் காத்திருக்கிறேன்."

லேப்டாப் அந்த ஃபோல்டரைத் திறந்தது. முதலில் ஒரு மரங்கொத்தி போயிற்று. அதன் பின்னால் குக்குறுவான்கள், மைனாக்கள், அவை கூவும்போது பெய்துகொண்டிருந்த மழை.

கடைசிக் குரலும் போய்ச் சேர்ந்த பிறகு ஹார்ட் டிஸ்க் நின்றது.

மாடியில், வந்த நாளிலிருந்து அந்த அறையை விட்டு நகராத பெரிய கம்ப்யூட்டர், காட்டின் நடுவே நனைந்தபடி நின்றுகொண்டிருந்தது.