உடைக்காத சோடா

"தேத்தண்ணி வேண்டாம் தங்கச்சி. சோடா ரின் இருந்தால் ஒண்டு தாங்கோ. உடைக்க வேண்டாம், நானே உடைச்சுக் குடிக்கிறன்."

யோகராணி சொல்லி முடித்ததும் பேபியின் முகம் கறுத்துவிட்டது. தேநீருக்குக் கேத்திலை வைக்கப் புறப்பட்டவள் அப்படியே நின்றாள்.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ரூஜ் என்ற இடத்திலிருக்கும் பேபியின் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டார் என்றால் இரண்டே பேர். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருக்கும் யோகராணி, அவளுடைய இளைய மகன் பிரசாந். அவனும் பேபியின் ஒரே மகள் நிலாணியும் மூன்று வருடமாக விரும்புகிறார்கள். பெரியவர்கள் பேசி நாள் குறிப்பதுதான் மிச்சம்.

"அம்மா பயத்தம் பணியாரம் சுட்டவ, அன்ரி. காருக்குள்ளை இருக்கு..." என்று பிரசாந் தொடங்கினான்.

"சும்மா இரு தம்பி." யோகராணி அவனை அடக்கிவிட்டு, ஒட்டிய நாடா பிரிக்காத கடைக் கேக் பெட்டியை மேசையில் வைத்தாள். பிறகு சோபாவின் நுனியில் பட்டும் படாமலும் இருந்தாள்.

பேபி குசினிக்குள் போனாள். நிலாணி பின்னால் ஓடிவந்தாள்.

"அம்மா, பிரிட்ஜிலை ஜிஞ்சர் ஏல் சோடா இருக்கு. எடுத்துக் குடுங்கோவன். இற்ஸ் ஜஸ்ற் எ ட்ரிங்க்!"

"உனக்கு உது விளங்காது பிள்ளை. ஊரிலை எங்கடை வீட்டுக்கு வந்த பெரிய சாதிக்காரர் எல்லாரும் உப்பிடித்தான். எங்கடை ஏனத்திலை வாய் வைக்கமாட்டினம். கடைச் சோடா எண்டால் மூடியோடை வாங்கிக் குடிப்பினம்."

"அன்ரிக்கு டயபெற்றிஸா இருக்கும்."

"டயபெற்றிஸ்காரர் சோடாவோ குடிக்கிறவை?"

பேபி கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

"வந்ததிலையிருந்து 'ஊரிலை எவடம்?' எண்டு ஒரு சொல்லுக் கேட்டவவோ? எங்கடை சனம் அதைக் கேளாமல் இருக்குமோ? எல்லாம் முதலே விசாரிச்சறிஞ்சுதான் வந்திருக்கிறா."

ஊர், குறிச்சி, கும்பிடும் கோயில் என்று கேட்டுக்கொண்டு போனால் மூன்றாவது கேள்வியில் சாதி வெளியே வந்துவிடும். அதற்காகவே கண்டுபிடித்த கேள்வி அது. மூன்று வருடம் ஒன்றாகத் திரிந்தும் நிலாணிக்கும் பிரசாந்துக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த விஷயத்தில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

"பிளீஸ் அம்மா. இண்டைக்கு ஒருநாள் மட்டும். பிரசாந் தாயை மீறி வரமாட்டான்." நிலாணியின் கண் கலங்கிவிட்டது.

பேபி குளிர்பெட்டியைத் திறந்து ஒரு ரின்னை எடுத்தாள். அவளுடைய முன்கையில் முழங்கை வரைக்கும் ஒரு பழைய தழும்பு உண்டு. ரின்னைப் பிடித்த கையில் அதுதான் கண்ணில் பட்டது.

பத்து வயதில் வந்த தழும்பு. ஊர்ச் சந்தித் தேநீர்க் கடையில் பேபியின் சாதி ஆட்களை வெளியே நிலத்தில் இருத்தி, தகரப் பேணியில்தான் தேநீர் கொடுப்பார்கள். ஒருநாள் பேபியின் தகப்பனும் இன்னும் ஐந்து பேரும் உள்ளே போய், வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கிளாசில் கேட்டார்கள். பேபியும் பக்கத்தில் ஏறி இருந்தாள். கடைக்காரன் கொதிதண்ணீரை வீசினான். கை வெந்துபோனது. ஆனால் அவள் வாங்கை விட்டு எழும்பவில்லை. அடுத்த நாளும் போனார்கள். கட்டுப் போட்ட கையோடு அவளும் போனாள். பதினெட்டாம் நாள் கிளாசில் தேநீர் வந்தது. உரிமைப் போராட்டம் என்ற சொல்லே அவளுக்குப் பிறகுதான் தெரியும். முப்பது வருடம் பேக்கரியில் பாண் பொதி செய்து மகளை வளர்த்த ஒரு சாதாரண மனுஷிக்குள் அவ்வளவு துணிச்சல்!

பேபி ரின்னைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"குறை நினையாதை பிள்ளை. இண்டைக்கு நான் இதைக் குடுத்தால், நாளைக்கு உன்ரை பிள்ளை அந்த வீட்டிலை பேணியிலைதான் குடிக்கும்."

நாலு கிளாசில் தேநீர் ஊற்றித் தட்டத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேரே யோகராணிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, வீட்டிலை சோடா இருக்கு. ஆனால் தரமாட்டன். இந்த வீட்டுக்கு ஆர் வந்தாலும் கிளாசிலைதான். நாங்கள் வாய் வைக்கிற கிளாசிலை நீங்களும் வாய் வைப்பியள் எண்டால் கலியாணத்தைப் பேசுவம். ஏலாதெண்டால் அந்தா வாசல்."

"அம்மா!" என்றாள் நிலாணி. பிரசாந் எழும்பி நின்றுவிட்டான்.

யோகராணி பேபியை நிமிர்ந்து பார்த்தாள். கைகள் இரண்டாலும் ஒரு கிளாசை எடுத்தாள். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடிச்சாப் பிறகு இந்தக் கிளாசை என்ன செய்வியள், தங்கச்சி?"

"இதென்ன கேள்வி? கழுவி வைப்பம்."

"எறியமாட்டியளே?"

பேபிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

யோகராணியின் கண்ணீர் தேநீருக்குள் விழுந்தது. "மூத்தவனுக்குப் பேசப் போன வீட்டிலை, நாங்கள் இன்ன சாதியெண்டு அறிஞ்ச உடனை, நான் குடிச்ச கிளாசை என்ரை கண்ணுக்கு முன்னாலை குப்பை வாளிக்கை போட்டவை. அண்டையிலையிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் ரின்னிலைதான் குடிக்கிறனான்."